வாசகர் கேள்விகள்: கோலசிலாங்கூர் பக்கம் எங்கே சாப்பிடலாம்?

சென்ற இதழில், மலேசியாவின் கோலசிலாங்கூரில் இரவில் படகில் போய்ப் பார்க்கும் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பற்றி எழுதியிருந்தேன். மின்மினிகளைப் பற்றி ஒரே ஒரு கடிதம் வந்தது. மற்றவை எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பத்தி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் குடியிருப்பது பெஸ்தாரி ஜெயாவில். பழையவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் புரியும். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும், ஈயம் தோண்டி விட்டுப்போன குளங்களும் உள்ள ஊர் இது. கடலோரம் செல்பவர்களில் பலர் இந்த ஊரை வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

இந்தப் பத்தியில் கடைகளின் பெயரை எழுதுவதில்லை. சமையல்காரர் ஒரு கடையிலிருந்து வேறொரு கடைக்குப் போகும்போது கைப்பக்குவமும் அவருடன் போய்விடுகிறது, பெயர்ப்பலகை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது என்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். இடத்தையும் நேரத்தையும் சொல்கிறேன். கடையைத் தங்கள் மூக்கும் அங்கே நிற்கும் உள்ளூர் வண்டிகளும் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஈப்போவிலிருந்து எட்டுப் பேர் வருகிறோம். எழுபத்தைந்து வயதான அம்மாவும் இரண்டு சிறுவர்களும் உடன் இருப்பார்கள். காலையில் வந்து, இரவு மின்மினி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மூன்று வேளையும் எங்கெங்கே சாப்பிடலாம்? (வாசகி, ஈப்போ)

பதில்: அம்மா, இரவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். மின்மினி பார்க்க இருட்ட வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. படகில் போய் வந்த பிறகு சாப்பிடலாம் என்று நினைத்தால் மணி ஒன்பதைத் தொட்டுவிடும். சிறுவர்கள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள், கடைக்காரரும் அடுப்பைக் கழுவத் தொடங்கியிருப்பார். எனவே இரவுச் சாப்பாட்டுக்கு மாலை ஐந்தரை மணிக்கே பாசிர் பெனம்பாங்கில் உட்கார்ந்துவிடுங்கள். அப்படியானால் நண்பகல் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குள்ளும், பசியாறுவது எட்டு மணிக்குள்ளும் நடந்துவிட வேண்டும் என்பது தானாகவே அமைந்துவிடுகிறது.

பசியாற எங்கள் ஊருக்கே வாருங்கள். தோட்டத்து வேலை விடியும் நேரத்திலேயே தொடங்குவதால், தோட்டப்புற ஊர்களில் காலைக் கடைகள் இருட்டு விலகும் முன்பே அடுப்பு மூட்டிவிடும். தோசை, இடியாப்பம், ரொட்டி சானாய், வாழையிலையில் மடித்த நாசி லெமாக், உளுந்து வடை எல்லாம் எட்டு மணிக்குச் சூடாகக் கிடைக்கும். பட்டணத்துப் பழக்கத்தில் பத்து மணிக்கு வந்து வடை கேட்பவர்களுக்குத் தட்டில் எஞ்சியிருக்கும் எண்ணெயைத்தான் காட்ட முடியும். இங்கே ஒரு பல்கலைக்கழக வளாகமும் இருப்பதால், மாணவர்களுக்காக இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆனால் அவற்றில் தொலைக்காட்சியின் சத்தம் அதிகம். அம்மாவை அழைத்துக்கொண்டு போக ஏற்றவை அல்ல.

நண்பகலுக்கு வாழையிலைச் சோறுதான் என் பரிந்துரை. கடலோரம் வரை வந்துவிட்டு இலைச்சோறா என்று தங்கள் வீட்டு இளையவர்கள் முகம் சுளிக்கலாம். மாலையில் நண்டும் இறாலும் காத்திருக்கும்போது, நண்பகலிலும் அதையே சாப்பிட்டால் இரண்டு வேளையும் கெட்டுவிடும் என்று எடுத்துச் சொல்லுங்கள். பதினொன்றரை மணிக்கு இலையில் உட்கார்ந்தால் முதல் ரசம் கிடைக்கும். ஒன்றரை மணிக்கு உட்காருபவருக்குக் கிடைப்பது அந்த ரசத்தில் வெந்நீர் சேர்த்தது. இலையில் வைக்கும் கறிகாய்களும் குழம்புகளும் சாப்பாட்டு விலையில் அடங்கியவை. வறுத்த மீன், கணவாய்ச் சம்பல், நண்டுப் பிரட்டல் ஆகியவை தனி. தட்டில் வைத்து நீட்டும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிற்பகலில் புக்கிட் மெலாவத்தி குன்றில் சிறிது நேரம் இருக்கலாம். 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் மேலே நிற்கிறது; வெயில் கடுமையாக இருந்தால் அடிவாரத்தில் இளநீரும் செண்டோலும் குடித்துக்கொண்டிருப்பதே அம்மாவுக்கு நல்லது. பிறகு சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பாசிர் பெனம்பாங். சீன மீனவர்களின் கிராமம் அது. ஆற்றின் மேல் கால் நட்டுக் கட்டிய உணவகங்களில் படகுகள் போய் வருவதைப் பார்த்தபடியே சாப்பிடலாம். பலகைத் தளங்களும் படிகளும் இருப்பதால், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் ஒருவர் மட்டும் உள்ளே சென்று, வாசலுக்கு அருகில் மேசை இருக்கிறதா என்று பார்த்து வரட்டும்.

எட்டுப் பேருக்கு ஆவியில் வேகவைத்த கொடுவா மீன் ஒன்று, ஏதாவது ஒரு பாணியில் நண்டு, இஞ்சி போட்ட லாலா மட்டி, ஒரு கீரை, சிறுவர்களுக்காகப் பொரித்த மீ, இவை போதும். கொடுவாவைத்தான் இங்கே சியாக்கப் என்று மலாயில் சொல்கிறார்கள். அதில் நுண்முள் குறைவு என்பதால் வயதானவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். நண்டில் இரண்டு பாணிகள் வேண்டாம், ஒன்றே போதும். இரண்டாவது தட்டு வரும்போது நாக்கு களைத்துப்போயிருக்கும். மாலை வேளையில் ஆற்றின் மேல் செம்பருந்துகள் வட்டமிடும். நம் கருடன்தான். தங்கள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள நேரம் விட்டு, பிறகு மீனைப் பரிமாறுங்கள்.

ஏழே கால் மணிக்கு மேசையை விட்டு எழுந்தால் கம்போங் குவாந்தானுக்கு அவசரம் இல்லாமல் போய்ச் சேரலாம். பலத்த மழை பெய்தால் படகு விடமாட்டார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவின் வெளிச்சத்தில் மின்மினி மங்கலாகத்தான் தெரியும். நாள் குறிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலோரக் கடை ஒன்றில் "மீன் 9 வெள்ளி" என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து உட்கார்ந்தோம். பில்லில் அந்த ஒரு மீனுக்கு மட்டும் 108 வெள்ளி (ரிங்கிட்) போட்டிருந்தார்கள். இது ஏமாற்று அல்லவா? (வாசகர், கிள்ளான்)

பதில்: கடையின் பெயரைத் தாங்கள் எழுதியிருந்தாலும் அதை நான் இங்கே வெளியிடவில்லை. பலகையில் 9 வெள்ளிக்குப் பக்கத்தில், அநேகமாகச் சிறிய எழுத்தில், "100 கிராம்" என்று இருந்திருக்கும். மீன் 1.2 கிலோ இருந்தால் கணக்குச் சரியாக 108 வெள்ளி வந்துவிடுகிறது. அந்தச் சிறிய எழுத்து அங்கே இருந்திருந்தால் அதைச் சட்டப்படி ஏமாற்று என்று சொல்ல முடியாது. நல்ல பழக்கம் என்றும் நான் சொல்லமாட்டேன். மீன், நண்டு, பெரிய இறால் ஆகிய மூன்றும் பெரும்பாலும் எடைக்கணக்கில் விற்கப்படுகின்றன. கீரை, தவ்ஃபூ, மீ ஆகியவை தட்டுக்கணக்கில் விற்கப்படுகின்றன. இந்த இரண்டு கணக்கும் ஒரே பலகையில் கலந்து எழுதப்படுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

உயிருள்ள மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தராசில் வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை வெள்ளி என்று சமைப்பதற்கு முன்பே கேட்டு, அந்தத் தொகையை ஆணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "இன்றைய விலை" என்று மட்டும் எழுதியிருக்கும் பண்டத்தை, அந்த விலையைச் சொன்ன பிறகே வாங்குங்கள். எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் நண்டு என்றால், அடிவயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே சதை குறைவு. மேசைக்குத் தானாகவே வந்து உட்காரும் வேர்க்கடலைத் தட்டும் ஈரத் துவாலையும் இலவசம் அல்ல. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில்லில் சேர்க்கமாட்டார்கள்.

வரியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2024 மார்ச் மாதம் முதல் பல சேவைகளுக்கான வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும், உணவகங்களுக்கு அது 6 விழுக்காடாகவே இருக்கிறது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள் மட்டுமே அதை வசூலிக்க வேண்டியவை. பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று இருந்தால் அது அரசுக்குப் போவதில்லை, கடைக்குப் போகிறது. விலையைப் பார்வைக்கு வைக்காமல் விற்பது 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் விவகாரம். ஆகவே பலகையில் விலையே இல்லாத கடையாக இருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தங்கள் விவகாரத்தில் பலகை இருந்தது. படிக்கத் தவறியது நாம்.

கேள்வி: ஜெராம் கடற்கரையில் ஈக்கான் பக்கார் (சுட்ட மீன்) சாப்பிடப் போனோம். கடலைக் காணவில்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் சேறுதான் இருந்தது. படத்தில் பார்த்தது வேறு இடமா? (வாசகி, ஷா ஆலம்)

பதில்: இடம் அதுதான் சகோதரி, நேரம்தான் தவறிவிட்டது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஜெராம் கரை மணற்கரை அன்று, தட்டையான சேற்றுக்கரை. வற்றும்போது நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். நீர் ஏறும் நேரத்தில் உணவகத்தின் பலகைத் தளத்துக்குக் கீழே அலை வந்து தட்டும். வற்றிய நேரத்தில் அதே மேசையிலிருந்து பார்த்தால் சேற்றில் துள்ளும் மீன்களும் நண்டு வளைகளும் தெரியும். எனக்கு இரண்டாவது காட்சியும் பிடிக்கும், வெயில் நேரத்து வாடை மட்டும் பிடிக்காது.

ஏற்ற வற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நீர் நிறைந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே ஆறு மணிக்கு வற்றிக் கிடக்கும். நண்பர் போன வாரம் எடுத்த படத்தை நம்பி இந்த வாரம் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். கோலசிலாங்கூரை ஒட்டிய துறையின் ஏற்ற வற்ற அட்டவணையைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நீர் உச்சத்துக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேசையில் இருங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஜெராம் மலாய்ச் சமையலுக்குரிய இடம். வாழையிலை விரித்த தகட்டில் சம்பல் தடவிச் சுடும் திருக்கைக்கும் கணவாய்க்கும் நான் பாசிர் பெனம்பாங்கைத் தாண்டி இங்கேதான் வருவேன். மீனை ஆயர் ஆசாமில் தொட்டுச் சாப்பிடுங்கள். புளித்தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் சேர்த்த சாறு அது; நம் ரசத்துக்குத் தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றும். ஆவியில் வேகவைத்த மீனுக்கும் நண்டுக்கும் சீனர் கடை, நெருப்பில் சுட்ட மீனுக்கு மலாய்க்காரர் கடை என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கடைகளில் அதே தகட்டில் இறைச்சியும் சுடுவார்கள். தனியாகச் சுட்டுத் தரக் கேட்டால் முகம் கோணாமல் செய்து கொடுக்கிறார்கள்.

பக்கத்தில் உள்ள சசாரான் கரையிலிருந்து "வானக் கண்ணாடி" மணல்திட்டுக்குப் படகில் போகும் எண்ணம் இருந்தால், அதற்குக் கடல் நன்றாக வற்ற வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களே அதற்கு உகந்தவை. நடுக்கடல் திட்டில் கடை எதுவும் இல்லை. தண்ணீரும் ரொட்டியும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: என் மாமியார் முழுச் சைவம். முட்டையும் தொடமாட்டார். புரட்டாசியில் நாங்கள் எல்லாருமே சைவம். கடலோரத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது? (வாசகி, சிரம்பான்)

பதில்: தாங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது, கேட்கும் முறைதான் முக்கியம். பெரிய தடை மீனும் நண்டும் அல்ல, பெலாச்சான். கங்குங் கீரைப் பொரியல் பார்வைக்கு முழுச் சைவம். ஆனால் கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த பெலாச்சான் அதில் கலந்திருக்கும். சீனர் கடைக் கீரையில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். மலாய்க் கடையின் சாயூர் லோடேவில் தேங்காய்ப்பாலுக்கு அடியில் காய்ந்த இறால் கிடக்கும். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் ரொட்டியோடு வரும் டால்ச்சாவில் ஆட்டெலும்பின் சாறு இறங்கியிருப்பது வழக்கம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இவை அனைத்தும் தட்டுக்கு வந்துவிடும், ஏனென்றால் சமையல்காரரின் கணக்கில் இவை இறைச்சி அல்ல. "பெலாச்சான் வேண்டாம், காய்ந்த இறால் வேண்டாம், சிப்பிச் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம், பூண்டும் உப்பும் மட்டும் போடுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வாணலியைக் கழுவிவிட்டுச் சமைக்கச் சொல்வதும் தவறில்லை. கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் மறுக்கமாட்டார்கள்.

சீனர்களிலும் பலர் தங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுகிறார்கள். அவை நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வருகின்றன. அந்த நாட்களில் சாதாரணமாகக் கோழியும் பன்றியும் விற்கும் சிறிய கடைகள்கூடச் சைவ மீ போடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் நல்ல காலம் அவர்களின் ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள், அதாவது ஒன்பது பேரரசர் திருவிழா. அது பெரும்பாலும் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருகிறது. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் அப்போது முழுச் சைவம் கிடைக்கும். அந்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது என்பதால் தங்கள் மாமியாருக்குக் கூடுதல் மகிழ்ச்சியாக இருக்கலாம். கோழி போலவும் மீன் போலவும் செய்த சோயா உருவங்களைப் பார்த்து அவர் திடுக்கிடாமல் இருக்க, முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிடுங்கள். என் அத்தை ஒருமுறை அப்படி ஒரு "மீனை"க் கண்டு மேசையை விட்டே எழுந்துவிட்டார்.

சிரமமே வேண்டாம் என்றால், இலைச்சோற்றுக் கடையில் சைவச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, காட்சிக்காக மட்டும் கடலோரம் போய், இளநீரோடு திரும்பிவிடலாம்.

கேள்வி: செகிஞ்சான் நெல்வயல்கள் எப்போது பச்சையாக இருக்கும்? அங்கே என்ன சாப்பிடலாம்? (வாசகர், பினாங்கு)

பதில்: ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் வயல்கள் அவை, நாட்டில் மிக நல்ல விளைச்சல் தரும் வயல்களில் அவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். பொதுவாக ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் பச்சை, ஜூனை ஒட்டியும் டிசம்பரை ஒட்டியும் பொன்னிறமும் அறுவடையும். நீர் திறந்துவிடும் நாளைப் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகலாம். அறுத்து முடித்து அடுத்த நடவுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் போனால் வெறும் சேறும் கொக்கும்தான் இருக்கும்.

வயலுக்கு நடுவே காப்பிக் கடைகள் பல வந்துவிட்டன. அங்கே காசு காட்சிக்குத்தான், காப்பி சுமார். சாப்பாட்டுக்குச் சாலையின் மறுபக்கம், மீன்பிடிப் படகுத் துறைப் பக்கம் போக வேண்டும். படகுகள் பெரும்பாலும் பிற்பகலில் திரும்புகின்றன. எனவே நண்பகலில் தட்டுக்கு வருவது முந்தைய நாள் மீன். மாலை நான்கு மணிக்கு மேல் வருவது அன்றைய மீன். இங்கே மீன் உருண்டை போட்ட மீ சூப்பையும், தியோச்சூ சீனர் முறையில் தக்காளி, ஊறவைத்த கடுகுக்கீரை, உப்புப் பிளம் சேர்த்து ஆவியில் வேகவைத்த வாவல் மீனையும் கேளுங்கள். புளிப்புச் சுவை நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். திரும்பும்போது உள்ளூர் அரிசியில் ஐந்து கிலோ வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கெராங் மட்டி அரை வேக்காட்டில்தான் ருசி என்கிறார் என் கணவர். சாப்பிடலாமா? (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: ருசியைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கெராங் ஆற்றுமுகச் சேற்றில் கிடந்து, நீரை உறிஞ்சி வடிகட்டி வாழும் உயிர். அந்த நீரில் உள்ள கிருமிகளும் அதன் உடலில் தங்கிவிடும். அரைகுறையாக வெந்த கெராங்கினால் மஞ்சள் காமாலையும் குடற்காய்ச்சலும் வரக்கூடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. ஓடு வாய் திறந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கட்டும். வாய் திறக்காததைத் தூக்கி எறியுங்கள். சுட்ட கெராங் என்றால் சாறு வற்றும் வரை நெருப்பில் இருக்கட்டும். தங்கள் கணவருக்கு அது ரப்பர் போல இருக்கும்தான், அதற்குத்தான் பக்கத்தில் சம்பல் இருக்கிறது.

கேள்வி: நோன்பு மாதத்தில் வரலாமா? (வாசகர், கூலாய்)

பதில்: தாராளமாக வரலாம். மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும். இந்தியர் கடைகளும் சீனர் கடைகளும் திறந்திருக்கும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ரமலான் சந்தைகள் கூடும்; ஆண்டில் வேறெந்த மாதத்திலும் கிடைக்காத பலகாரங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஜெராமில் நோன்பு துறக்கும் நேரத்தில் மேசை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், நோன்பு நோற்றவர்களுக்கு முதலில் பரிமாறுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாதாரண மாதங்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மலாய்க் கடைகள் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்களில் பாசிர் பெனம்பாங் பக்கம் போக வேண்டாம். திறந்திருக்கும் ஒன்றிரண்டு கடைகளில் விலையும் காத்திருப்பும் அதிகம்.

கேள்வி: புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா? (பள்ளி மாணவி, காப்பார்)

பதில்: வேண்டாம் அம்மா. சாம்பல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருப்பவை இலை தின்னும் இனம்; ரொட்டியும் மிட்டாயும் அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பழுப்பு நிறத்தவை நீ கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும். நாசி லெமாக் பொட்டலத்தை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு மேலே போ.

கேள்வி: என் தாத்தா தென்னமரம் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி சமைத்த தோட்டத்துச் சாப்பாட்டை என் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அது எந்தக் கடையில் கிடைக்கும்? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: தங்கள் தாத்தாவின் தோட்டம் சாதாரணத் தோட்டம் அல்ல. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். இன்று இந்த வட்டாரம் முழுவதும் பச்சையாகத் தெரியும் செம்பனைக்குத் தொடக்கம் அது. தென்னையின் பெயரைச் சுமந்துகொண்டு செம்பனைக்குத் தொட்டிலான தோட்டம்.

அந்தச் சாப்பாடு ஒரு கடையில் முழுமையாகக் கிடைக்காது என்று சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இலைச்சோற்றுக் கடைகள் பரிமாறுவது பெரும்பாலும் கல்யாண வீட்டுச் சாப்பாடு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சாப்பாடு அன்று. லயத்தில் சம்பள நாளன்று கோழியோ ஆடோ வெந்தது. மற்ற நாட்களில் கருவாடும் கத்திரிக்காயும், டின் சார்டின் பிரட்டலும், வேலியோரத்து முருங்கைக்கீரையும், வாய்க்கால் ஓரத்தில் பறித்த கங்குங்கும்தான். ஜப்பான்காரன் காலத்தில் சோற்றுக்குப் பதிலாக வந்த மரவள்ளிக்கிழங்கு, அவன் போன பிறகும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. இவற்றை விருந்தாளிக்கு வைக்க நம் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அந்தக் கூச்சமே இவை கடைப் பலகையில் ஏறாமல் போனதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டப்புற ஊர்களில், தட்டுத் தட்டாகக் கறி வைத்திருக்கும் சிறிய இந்தியர் கடைகளில், நண்பகலுக்குச் சற்று முன் போய்ப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் நெத்திலிச் சம்பலும் வாரத்தில் சில நாட்களாவது இருக்கும். இன்று என்ன என்று முதல் நாளே கேட்டுவைத்தால், சிலர் தங்களுக்காகவே சார்டினும் பிரட்டி வைப்பார்கள். இன்னொரு வழி, பாசிர் பெனம்பாங்கில் கருவாடு வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே சமைப்பது. கைக்கு ஈரமாகவோ பளபளப்பாகவோ இருக்கும் கருவாட்டை விட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டு, பிஞ்சுக் கத்திரிக்காயோடு கெட்டிப் புளியில் போடுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம், லயத்தில் தினமும் தேங்காய் உடைக்க வசதி இருந்ததில்லை.

மூன்றாவது வழி, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. சித்திரை முதல் ஆடி வரை இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் திருவிழா நடந்துகொண்டிருக்கும். ஊரை விட்டுப்போன குடும்பங்கள் எல்லாம் அன்று திரும்பி வரும். தங்கள் தாத்தாவின் பெயரைச் சொன்னால் அடையாளம் கண்டுகொள்ளும் யாராவது ஒருவர் அந்தப் பந்தியில் இருக்கக்கூடும். அன்னதானத்துக்கு முன்பதிவு தேவையில்லை. பூசை முடிந்து இலை போடும்போது பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போதும்.